ரெண்டும் ஒண்ணுதானே

1

இந்தக் கதை ஒரு சிரிப்பில் தொடங்கியது. சிரித்தவன் நான்.

டிவி வாங்கப் போன கடையில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நின்றிருந்தார்கள். விற்பனையாளர் பழைய ரகம் ஒன்றையும் புது எச்டி ரகம் ஒன்றையும் அருகருகே வைத்து, ஒரே படத்தை ஓடவிட்டு, வித்தியாசம் தெரிகிறதா என்று அந்த அம்மாவைக் கேட்டார். மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார் அவர். விற்பனையாளர் சிரித்தார். நானும் சேர்ந்துகொண்டேன். கணவரின் முகம் சுண்டிப்போனது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. அதற்குப் பிராயச்சித்தமாக இதை எழுதுகிறேன். கடைக்கு வெளியே நடப்பதெல்லாம் என் கற்பனை.

2

அவள் கண்களில் ஏதோ ஒரு

(அடித்துவிட்டேன். கண்ணைப் பற்றி இப்போதே பேசினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.)

கணவர் லிஃப்ட் மெக்கானிக். இருட்டுக் குழிக்குள் கம்பிக்கும் கிரீஸுக்கும் நடுவே பகல் முழுக்கப் போய்விடும். ஒரு புல்லின் நுனியைக்கூடத் தெளிவாகக் காட்டும் டிவி வேண்டும் என்பது அவருடைய மூன்று வருட ஆசை. வேறு ஆசை எதுவும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. மனைவி ஒரு துணிக்கடைக்கு வீட்டிலிருந்தே பட்டன் தைத்துக் கொடுக்கிறாள். தினமும் காலையில் அவர் வேலைக்குக் கிளம்புமுன் பத்து ஊசியில் நூல் கோத்து வைத்துவிட்டுப் போவார்.* ஒருநாள் "நீங்க கோத்தா நூல் அறுகிறதே இல்ல" என்று அவள் சொன்னதிலிருந்து இந்த வழக்கம். பாராட்டு என்று நினைத்து மனுஷன் உச்சி குளிர்ந்து போனார்.

(* நூல் கோத்த ஊசி ஒன்று அந்த அம்மாவின் புடவைத் தோளில் குத்தியிருந்ததைக் கடையில் பார்த்தேன். அதை நான் இட்டுக்கட்டவில்லை.)

3

டிவி வந்தது. சுவரில் மாட்டினார்கள். இங்கேதான் அவர் ஒரு தப்பு செய்கிறார், நம்மில் பாதிப் பேர் செய்வது. டிவி புதிது, ஆனால் செட்-டாப் பெட்டியும் கேபிள் இணைப்பும் பழசு. எச்டிக்குத் தனிப் பெட்டி, தனிக் கட்டணம் என்று கடையில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. பெரிய திரையில் படம் கலங்கிப்போய், பழைய டிவியே தேவலை என்று இருந்தது. அவர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். பின்னால் இருந்து அவள் சொன்னாள்:

"அப்பப்பா, என்னா தெளிவு! புல்லு ஒண்ணொண்ணும் தனித்தனியா தெரியுதுங்க."

திரையில் புல்லே இல்லை. பச்சையாக ஏதோ ஒரு தீற்றல்தான் இருந்தது.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். கடையில் அவள் சொன்னது, பத்து ஊசி, எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். வேண்டுமென்றே மறைக்கக்கூடியவளா அவள்? இரண்டு நாள் எழுதாமல் யோசித்தேன். மறைப்பாள் என்றுதான் தோன்றுகிறது.

ஒரு வருடமாக இரண்டு கண்ணிலும் புகை மூட்டம். டாக்டர் கண்புரை என்றார், ஆபரேஷன் செய்யணும் என்றார். அந்தச் சீட்டை மடித்துப் பட்டன் டப்பாவுக்கு அடியில் போட்டுவிட்டாள். இதையெல்லாம் கணவர் துருவித் துருவிக் கேட்டுத்தான் அவளிடமிருந்து வரவழைத்தார்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா டிவி வேணாம்னு சொல்லிருப்பீங்க. உங்களுக்குன்னு நீங்க கேட்டது இது ஒண்ணுதானே."

அவர் டப்பாவைத் துழாவி அந்தச் சீட்டை எடுத்துப் பிரித்தார். நானும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன், மறைப்பானேன்.

5

பிடிக்காவிட்டால் ஏழு நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று விற்பனையாளர் சொல்லியிருந்தார். அந்தப் பணம் வந்தால் ஆபரேஷன் நடக்கும். இன்று ஏழாம் நாள்.

முடிவு ஒன்று: திருப்பிக் கொடுக்கிறார், கண் சரியாகிறது, எல்லோரும் (வேண்டாம். அவள் இத்தனை சுலபத்தில் விட்டுக்கொடுக்கிறவள் இல்லை.)

முடிவு இரண்டு: அவள் பிடிவாதம் ஜெயிக்கிறது. டிவி சுவரிலேயே, அவள் புகை மூட்டத்திலேயே (இதை எழுத எனக்குக் கை வரவில்லை.)

ஆகவே இதுவரை நடந்ததை மட்டும் சொல்கிறேன். டிவியைக் கழற்றிப் பழையபடி அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிட்டார். அவள் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மடியில் சட்டை, தோளில் ஊசி.

"கொண்டு போகக் கூடாது. எனக்குக் கண்ணு தெரியுது."

"அப்படியா? என் மூஞ்சி எப்படி இருக்கு, சொல்லு."

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். கையை நீட்டி அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். விரல் ஈரமானது.

"அழறீங்களா?" என்றாள். பிறகு பெட்டியை விட்டு எழுந்து நின்றாள்.

கடை எட்டு மணிக்கு மூடிவிடும். பெட்டியோ ஒரு ஆள் தூக்குகிற கனமில்லை. அன்று சிரித்த பாவத்துக்கு நான் ஒரு பக்கம் பிடித்துவிட்டேன். மறுபக்கம் காலியாக இருக்கிறது. அவரைக் கூப்பிட மனம் வரவில்லை, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

வாருங்கள், நீங்கள் பிடியுங்கள்.