சலூன் கண்ணாடியில் எழுதிய பாஸ்வேர்டு

சலூன்காரருக்குக் கை தாராளம். கீழே கடை, மாடியில் வீடு, இரண்டுக்கும் ஒரே வைஃபை. முடிவெட்ட வருகிறவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று பாஸ்வேர்டைக் கண்ணாடியின் மேலேயே சிவப்பு பெயின்டில் எழுதி வைத்திருந்தார். பிறகென்ன, ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போய்த் தெருவுக்கே தெரிந்துபோனது. கடை மூடியிருக்கும்போதும் வாசலில் நாலு பேர் போனும் கையுமாக நிற்பார்கள். அதைப் பார்த்து அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

வினை மாடியில் வந்தது. அவருடைய மனைவிக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை அமைந்திருந்தது. டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிந்து அனுப்புவதைக் கேட்டு அவள் தட்டச்சு செய்ய வேண்டும். தேர்வில் அவள்தான் முதல். ஆனால் வேலையைத் தருவதற்கு முன் வீட்டு இணைப்பை ஆஸ்பத்திரியில் இருந்தபடியே சோதித்த அதிகாரி அம்மா மலைத்துப்போனார். முன்பின் தெரியாத போன்களெல்லாம் உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தன. நாளைக்குள் சரிசெய்யாவிட்டால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும் என்று தன்மையாகத்தான் சொன்னார். அந்தத் தன்மைதான் அவளுக்குச் சுருக்கென்றது.

சலூன்காரர் உடனே ஒரு வழி கண்டுபிடித்தார். பாஸ்வேர்டை மாற்றிவிடலாம், வாடிக்கையாளர்களுக்கு மட்டும் காதோடு காதாகச் சொல்லிக்கொள்ளலாம்.

"பூட்டை மாத்திட்டு சாவியை வாசல்லயே தொங்க விடுறதா?" என்றாள் மனைவி.

ரவுட்டரோடு வந்த சிறு கையேட்டைத் தேடி எடுத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். ரவுட்டருக்குள் நுழைந்து எதையும் மாற்றுவதற்கென்று தனியாக ஒரு பாஸ்வேர்டு உண்டு. அது தொழிற்சாலையில் போட்டபடியே கிடந்தது. தெருவில் போகிற யாரும் புகுந்து நாட்டாமை செய்திருக்கலாம். முதலில் அதை மாற்றினாள். பழைய மென்பொருளைப் புதுப்பித்தாள். பொத்தானை அமுக்கினாலே எந்தப் போனையும் சேர்த்துக்கொள்ளும் வசதியை அணைத்தாள். வீட்டு இணைப்புக்கு நீளமான புதுப் பாஸ்வேர்டு போட்டாள். கடைக்கென்று விருந்தினர் இணைப்பு ஒன்றைத் தனியாகத் திறந்துவிட்டாள். அதில் வருகிறவர்கள் படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம். வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது.

சலூன்காரருக்கு வாயெல்லாம் பல். கடையில் தன் மானமும் தப்பித்தது. போனை நீட்டி, வீட்டு பாஸ்வேர்டைப் போட்டுத் தரச் சொன்னார். அவள் கடை இணைப்பைப் போட்டுக் கொடுத்தாள்.

"ஏம்மா, நான் என்ன விருந்தாளியா?"

"உங்க போன் உங்க கையில எங்கங்க இருக்கு? பாட்டு மாத்துறேன்னு கடைக்கு வர்ற அத்தனை பேரும் எடுத்து நோண்டுறாங்க."

உண்மைதான். ஆனாலும் சொந்த வீட்டிலேயே வெளியாள் ஆகிவிட்டோமே என்று பொருமினார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே படுக்கப் போனார்.

மறுநாள் அதிகாரி அம்மா ஸ்பீக்கர் போனில் பேசிக்கொண்டே மறுபடி சோதித்தபோது, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவரும் மாடிக்கு ஓடி வந்து கதவோரம் நின்றார். எல்லாம் கச்சிதமாக இருந்தது. ஒரே ஒரு கேள்வி மிச்சம்.

"பாஸ்வேர்டு வேற யாருக்காவது தெரியுமா? உங்க வீட்டுக்காரருக்கு?"

மனைவி திரும்பி அவரைப் பார்த்தாள். இத்தனை பெரிய ஆஸ்பத்திரி தன் மனைவியை நம்பலாமா என்று கேட்கிறது, அதற்குச் சாட்சி தான்தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. முந்தின நாள் கோபம் போன இடம் தெரியவில்லை.

"தெரியாதுங்க," என்றார் நெஞ்சை நிமிர்த்தி. "கேட்டுப் பார்த்தேன். தரல."

போனில் அந்த அம்மா சிரித்துவிட்டார். அன்றே முதல் பதிவு வந்து சேர்ந்தது.

மாலையில், முகமெல்லாம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த பழைய வாடிக்கையாளர், கடை இணைப்பு மெதுவாக இருக்கிறது, வீட்டு பாஸ்வேர்டைக் கொடு என்று உரிமையோடு கேட்டார். இல்லை என்று சொல்லிப் பழகாத மனிதர் சவரக் கத்தியை நிறுத்தினார்.

"அதுல டாக்டருங்க நம்பி அனுப்புற விஷயமெல்லாம் வருது. காவலுக்கு என் பொண்டாட்டி இருக்கா," என்றார், கடை முழுக்கக் கேட்கும்படி. "எனக்கே சொல்லமாட்டா, தெரியும்ல?"