ஏரிக்குள் போட்ட வெள்ளைப் பாதை

எங்கள் ஊரில் தீபாவளிக்கு வெடி கிடையாது. கல்யாணத்துக்கும் கிடையாது, சாவுக்கும் கிடையாது. என் மாமனாரைக்கூட ஒரு வேட்டுச் சத்தமில்லாமல்தான் எடுத்துப்போனோம். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பும்போது, நடுவில் நிற்கும் கருவேல மரங்களில் நாரைகள் வந்து கூடு கட்டும். வெடித்தால் மொத்தமும் எழும்பிப் போய்விடும். அவற்றுக்காக ஏரி மீனையும் ஏலம் விடுவதில்லை. கருவேப்பிலங்குறிச்சியில் பஸ்ஸுக்கு நின்றால், "உங்க ஊர்ல தும்மலாமா, அதுக்கும் தடையா?" என்று கேலி பேசுவார்கள். பேசட்டும் என்று விட்டுவிடுவோம்.

என் வீட்டுக்காரர் தர்மராஜ்தான் அந்த நாரைகளுக்குக் காவல். யாரும் வைத்த ஆளில்லை, தானாக எடுத்துக்கொண்ட வேலை. பெற்ற மகள் பூங்கோதைக்கு ஒரு மத்தாப்பூகூட வாங்கித் தராத மனுஷன்.

நாரையைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வர ஆரம்பித்ததும், ஊரே சேர்ந்து ஒரு குழு அமைத்தோம். பழமலைநாதன் அண்ணன் தலைவர். ஏரிக்கரையில் கொட்டகை போட்டுப் பெண்கள் நாங்கள் சமைத்தோம். இவர் ஆட்களை அழைத்துப்போய்க் கரையில் நிறுத்திக் காட்டுவார். ஊருக்கு ஒரு வருமானம், நாரைக்கும் நல்ல பேர். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் கரையில் நின்றால் மரம் வெள்ளையாகத் தெரியும், அவ்வளவுதான். ஒருநாள் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம், "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு காரில் ஏறியது. இவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"நம்ம ஊருக்கு வந்தவங்க மூஞ்சிய தொங்கப்போட்டுக்கினு போறாங்க, வளரு. கிட்ட போய் பாக்க ஒரு பாதை போட்டா இன்னா?" என்று என்னிடம் கேட்டார்.

வந்தவரை வாசலோடு அனுப்பி எங்களுக்குப் பழக்கமில்லை. அந்த நினைப்பில் ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் உடைசல் மலையாகக் கிடக்கும். அள்ளிக்கொண்டு போனால் போதும் என்பார்கள். டிராக்டர் டிராக்டராக உடைந்த கோப்பையும் பொம்மையும் வந்து இறங்கின. கொட்டி, மேலே பட்டறையில் கிடைத்த வெள்ளை மண்ணையே போட்டு மிதித்து, தை பிறந்ததும் தேங்காய் உடைத்துத் திறந்தோம். தண்ணீருக்கு நடுவே வெள்ளை வெளேரென்று பாதை. வந்தவர்கள் குஞ்சு வாய் பிளப்பதைக்கூடப் போட்டோ எடுத்தார்கள். கூட்டம் அள்ளியது.

அத்தனை காலமும் அந்தக் கூடுகளைக் காத்தது சுற்றி நின்ற தண்ணீர்தான். மனுஷர்களுக்குப் போட்ட பாதையில் நாயும் போகும், கீரியும் போகும் என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. நாங்கள் போட்ட மிச்சச் சோற்றுக்கு ஏற்கெனவே நாய்கள் கொட்டகையைச் சுற்றித்தான் கிடந்தன. மாசியில் ஒரு காலை இவர் போய்ப் பார்த்தபோது தாழ்ந்த கிளைகளில் கூடு இல்லை. பாதை முழுக்க இறகு. பறக்கப் பழகாத குஞ்சுகள் கழுத்தறுந்து கிடந்தன. இவர் துண்டில் பொறுக்கிக்கொண்டு வந்தார். துண்டு நிறைந்துவிட்டது. அந்த வாரத்திலேயே பெரிய நாரைகளும் கிளம்பிப் போயின.

கோடையில் பாதையைப் பெயர்த்தோம். மண்வெட்டிக்கு அகப்படாத சில்லுகளை இவர் கையாலேயே பொறுக்கினார். உள்ளங்கை கிழிந்ததற்கு மருந்து போடக்கூட விடவில்லை.

இந்த வருஷம் புரட்டாசியிலேயே நல்ல மழை. ஏரி தளும்பி நிற்கிறது. ஐப்பசி பிறந்தும் ஒரு நாரை இல்லை. விடிந்தால் கரை, பொழுது சாய்ந்தாலும் கரை என்று இவர் கிடந்தார். வெளியூரிலிருந்து போன் வரும். "இன்னும் வரல சார்" என்று சொல்லிவிட்டு வைப்பார்.

போன வாரம் குழு கூடியபோது பழமலைநாதன் அண்ணன் சொன்னார்: "பீங்கான்ல நாரை செஞ்சு மரத்துல வெச்சிடலாம்பா. தூரத்துக்குத் தெரியவா போவுது?"

இவர் எழுந்து வந்துவிட்டார். எனக்கு அண்ணனை நாலு கேள்வி கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்டு என்ன ஆகப்போகிறது?

தீபாவளியன்று காலையில் எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டு, பரண்மேலிருந்து ஒரு பையை எடுத்தார். உள்ளே அணுகுண்டு வெடிகள்.

"ஏங்க, இன்னா பண்றீங்க?"

"வா" என்றார்.

கரைக்குப் போனோம். விஷயம் தெரிந்து பத்துப் பேர் பின்னாலேயே வந்தார்கள். மரங்களுக்கு எதிரே ஒரு வெடியை வைத்துப் பற்றவைத்தார். அந்தக் கரையில் கேட்ட முதல் வெடி அதுதான். சத்தம் ஏரியைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. இவர் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இலைகூட அசையவில்லை. இன்னொன்றை எடுத்தார்.

"போதும் தர்மா, வூட்டுக்கு வா" என்றார் பழமலைநாதன் அண்ணன்.

"இருங்கண்ணே. கண்ணுக்குத் தெரியாம ஒண்ணே ஒண்ணு ஒக்காந்திருந்தாகூட எழும்பும் இல்ல?"

பை காலியாகும் வரைக்கும் வைத்தார். எதுவும் எழும்பவில்லை. புகை மட்டும் தண்ணீர்மேல் நின்றது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அப்போது ஊருக்குள் யாரோ சரவெடி கொளுத்தினார்கள். பின்னாலேயே இன்னொரு வீட்டிலும் சத்தம் கேட்டது. இவர் ஓடிப்போய்த் தடுப்பார் என்று பார்த்தேன். போகவில்லை.