துரை எந்தக் குரலுக்கு வருவார்

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் காலையிலிருந்து கத்திக்கொண்டிருப்பது நான்தான். நேரில் இல்லை. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து ஊர்ப் பெயர்கள், எண்கள், "நடைமேடை", "புறப்படும்", "தாமதமாக" என்று துண்டு துண்டாகப் பேசிக் கொடுத்தேன். இயந்திரம் அதை ஒட்டுப்போட்டு, நான் சொல்லவே சொல்லாத வாக்கியங்களை என் குரலில் சொல்லும். என் வீடு நிலையத்துக்குப் பின் தெருவில், மூன்றாவது மாடி. சன்னலைத் திறந்தால் என் தொணதொணப்பை நானே கேட்டாக வேண்டும். தலையெழுத்து.

அந்த வீட்டில் நானும் துரையும்தான். துரை என்பது பூனை. வயதானவர், ஒரு கண் மங்கல், சிறுநீரகம் பழுது. தினமும் சாப்பாட்டில் மாத்திரையைப் பொடித்துக் கலந்து கொடுக்க வேண்டும். விட்டுப்போனால் பிழைக்கமாட்டார் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். வேற்றாள் காலடி கேட்டால் துரை பீரோவுக்குப் பின்னால் போய்ச் செருகிக்கொள்வார். நான் கூப்பிட்டால் மட்டும் வருவார். அதுவும் நான் வாயைத் திறந்து கூப்பிட வேண்டும். சன்னல் வழியே நாளெல்லாம் வரும் என் குரலுக்கு அவர் ஒருநாளும் காதைக்கூட அசைத்ததில்லை. நிஜம் எது, இயந்திரம் எது என்று ஊரில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும் என்று எனக்குப் பெருமை. கணவர் போன பிறகு எனக்கென்று மிஞ்சிய பெருமை அது ஒன்றுதான்.

அப்போதுதான் வெளியூரில் இருக்கும் தங்கச்சிக்கு வயிற்றில் ஆபரேஷன் என்றார்கள். அவளுக்கும் என்னை விட்டால் நாதியில்லை.

"பூனைக்கு ஆள் கிடைக்கலன்னு நீ வராம இருந்தே, செத்தாலும் எழுந்து வந்து உன் துரையோட வாலைத் திருகுவேன்" என்றாள் போனில்.

பிராணிகளைப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்றுக்குப் போய்ப் பார்த்தேன். கூண்டு மேல் கூண்டு, பக்கத்து அறையில் நாய்க் கச்சேரி. "ஒரு நாள் ரெண்டு நாள் சாப்பிடாது மேடம், அப்புறம் பசி வந்தா தானா சாப்பிடும்" என்றாள் அங்கிருந்த பெண். உன்னை இந்தக் கூண்டில் போட்டால் நீ சாப்பிடுவாயா என்று கேட்டுவிட்டு வந்தேன். என் வாய் அப்படி.

கடைசியில் கீழ்வீட்டு பிளம்பர்தான் ஒப்புக்கொண்டான். வாய் ஓயாது என்பதால் தெருவில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். "பாலுக்குப் பூனை காவல்னு கேள்விப்பட்டிருக்கேன். பூனைக்கு நான் காவலா? குடுங்கக்கா சாவியை" என்றான். தங்கமான பையன். ஆனால் ஒத்திகை பார்த்தபோது துரை பீரோவுக்குப் பின்னால் போனவர் போனவர்தான். தட்டு அப்படியே காய்ந்தது.

அப்போது எனக்கு அந்த யோசனை வந்தது. வேறு யாருக்கும் வந்திருக்காது. நிலையத்து ஒலிப்பதிவுக்காரரிடம் போனேன். "என் குரலை ஒரு சின்னப் பெட்டியில போட்டுக் குடுங்க. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னா துரைக்குப் புளிச்சுப்போயிடும். நம்ம பஸ் அறிவிப்பு மாதிரியே துண்டு துண்டா பேசுறேன், பட்டனை அமுக்கினா மாத்தி மாத்தி ஒட்டிக்கட்டும்."

கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, துரையிடம் நான் வழக்கமாகப் பேசுவதை ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். துரை. வாங்க. சாப்பிடுங்க. பயப்படாதீங்க. யாருமில்ல. இங்கதான். இருக்கேன். கடைசியில் "நான்" என்றேன். அவர் பதிவை நிறுத்திவிட்டார்.

"அது வேண்டாம்மா."

"ஏனாம்?"

"இத்தனை வருஷத்துல இந்த ரூம்ல அந்த ஒரு சொல்லை மட்டும் யாரும் தனியா பதிஞ்சதில்ல. எனக்குச் சொல்லிக்குடுத்தவர் போட்ட வழக்கம். பஸ் வரும், பஸ் போகும், எல்லாம் சொல்லலாம். 'நான்'னு சொல்ற குரலுக்கு ஒரு ஆள் வேணும்மா."

"பூனை சாப்பிடுறதுக்குங்க! இதுக்குப் போய் சாஸ்திரம் பேசிக்கிட்டு. அமுக்குங்க" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே அமுக்கினார்.

அன்று மாலை நான் குளியலறையில் ஒளிந்துகொண்டேன். ரேடியோ பட்டனை அமுக்கினான். "வாங்க துரை. நான் இங்கதான் இருக்கேன்" என்றது பெட்டி. சன்னல் குரலுக்குத் திரும்பியே பார்க்காத துரை, பீரோவுக்குப் பின்னாலிருந்து வந்து, பெட்டியின் மேல் கன்னத்தைத் தேய்த்துவிட்டுச் சாப்பிட்டார். கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். சுருக்கென்று ஒரு வலிதான் வந்தது. பூனை மேல் கோபப்பட்டு என்ன செய்ய? ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.

தங்கச்சியின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆஸ்பத்திரி ஏசிக் குளிரும், வலி ஊசி போட ஆள் வராததற்கு நர்ஸுகளிடம் நான் போட்ட சத்தமும் சேர்ந்து என் தொண்டையைக் கட்டிவிட்டன. ரேடியோ தினமும் போன் செய்தான். முதலில் எல்லாம் நல்ல சேதிதான். தட்டு காலி, மாத்திரை உள்ளே போயாச்சு, துரை ஜோர்.

பிறகு ஒருநாள், "அக்கா, இந்தப் பெட்டி பட்டனை அமுக்காமலே பேசுமா?" என்றான்.

"கை பட்டிருக்கும்."

"கையில பைப் சாவிதான் வெச்சிருந்தேன். அது பாட்டுக்கு 'பயப்படாதீங்க, யாருமில்ல'ன்னுது. நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன்க்கா! எனக்கே நான் இருக்கேனான்னு டவுட் வந்துடுச்சு."

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒலிப்பதிவுக்காரரின் முகம் ஞாபகம் வந்தது. பேட்டரியைக் கழற்றிப் பெட்டியை வெளியே எடுத்துவிடச் சொன்னேன். கழற்றித் தன் கருவிப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அடுத்த போனில் அவன் குரலில் மனத்தாங்கல் இருந்தது. "ஊர்லேர்ந்து வந்தவங்க என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாக்கா? சாப்பாட்டோட மேல ஏறினா, தட்டைக் கழுவிக் கவுத்து வெச்சிருக்கு. மாத்திரை அட்டையில ஒண்ணு குறையுது. துரை வயிறு நிறைஞ்சு படுத்திருக்காரு. சமையல்கட்டுல உங்க குரல் கேட்டுச்சு, சரி, பூனையோட கொஞ்சுறீங்கன்னு இறங்கிட்டேன்."

"நான் இன்னும் ஆஸ்பத்திரியிலதான்ப்பா இருக்கேன்" என்றேன். தொண்டையிலிருந்து தகரத்தைச் சுரண்டும் சத்தம்தான் வந்தது.

அந்தப் பக்கம் ரேடியோ பேசவில்லை. அவன் பேசாமல் இருந்து நான் அன்றுதான் பார்த்தேன். பிறகு மெதுவாக, "நீங்க யாரு? அக்கா போன் உங்ககிட்ட எப்படி வந்துச்சு?" என்றான்.

தங்கச்சி எழுந்து உட்கார ஆரம்பித்திருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போய்த் தொலை, உன் துரையைப் பாரு" என்று அவளே விரட்டினாள். கிடைத்த பேருந்தில் ஏறினேன்.

நல்ல வெயிலில் வந்து இறங்கினேன். நான் வந்த பேருந்து வந்து சேர்ந்ததை என் குரல் நிலையம் முழுக்க அறிவித்துக்கொண்டிருந்தது. தெளிவாக, கணீரென்று. தண்ணீர் பாட்டில் கேட்டபோது கடைக்காரன், "என்னம்மா கேக்குறீங்க, சத்தமா சொல்லுங்க" என்றான். பாட்டில் வாங்காமலே ஓடினேன்.

ரேடியோ மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தான். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தான். கருவிப் பையைத் திறந்து காட்டினான். பெட்டி உள்ளே கிடந்தது, பேட்டரி இல்லாமல்.

"காலையிலேர்ந்து கதவு திறக்கலக்கா. பூட்டு திறக்குது, கதவு வரல. உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கு."

நான் சாவியைப் போட்டுத் திருகினேன். பூட்டு விட்டுக்கொடுத்தது. கதவு அசையவில்லை. குனிந்து தரையில் கன்னத்தை வைத்துக் கதவடி இடுக்கில் பார்த்தேன். கூடத்துத் தரையில் வெயில் விழுந்திருந்தது. பீரோவின் கால்கள் தெரிந்தன.

"துரை" என்றேன். "வாங்க துரை."

கரகரவென்று என்னவோ வந்தது. எனக்கே அது யாரோ போலத்தான் இருந்தது. ஆனாலும் பீரோவுக்குப் பின்னாலிருந்து நான்கு பாதங்கள் வெளியே வந்தன. துரையின் வெள்ளைப் பாதங்கள். மெல்ல மெல்லக் கதவை நோக்கி நடந்தன. மூக்கு இடுக்குக்கு வந்தது. மூச்சுக்காற்று என் கன்னத்தில் பட்டது. என் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. என் ராசா, என் தங்கமே, உனக்குத் தெரியும், யார் யாரென்று உனக்கு மட்டும்தான் தெரியும்.

சமையல்கட்டிலிருந்து குரல் வந்தது. கணீரென்று, அவசரமே இல்லாமல், தினமும் நான் பேசும் அதே தணிவில்.

"பயப்படாதீங்க துரை. யாருமில்ல."

பாதங்கள் நின்றன.

நான்தான் துரை, நான்தான் வந்திருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். முதல் சொல்லே வரவில்லை. வெறும் காற்று வந்தது. கதவை இரண்டு கையாலும் அறைந்தேன். வேற்றாள் சத்தம் கேட்டதும் துரை பதுங்கினார், அப்புறம் திரும்பினார்.

"வாங்க. சாப்பிடுங்க. நான் இங்கதான் இருக்கேன்."

வெயிலைத் தாண்டி அந்த வெள்ளைப் பாதங்கள் சமையல்கட்டுக்குப் போயின. ஓடவில்லை, வீட்டில் நடக்கிற மாதிரி சாதாரணமாகத்தான் போயின. கொஞ்ச நேரத்தில் உள்ளே தட்டு நகரும் சத்தம் கேட்டது.