கியூப்புக்கு மட்டும் நல்ல கலவை

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் எழும்பும் ஏழுமாடிக் கட்டடத்தின் வேலையை மேற்பார்வை பார்க்கும் பொறியியலாளர் நான்.

கொங்கிரீட் போடும்போது தூணுக்குப் போகும் கலவையிலேயே கொஞ்சம் அள்ளி, இரும்புப் பெட்டியில் ஊற்றி இறுகவைத்து, பிறகு நசுக்கிப் பார்ப்பது வழக்கம். அந்தக் கட்டிதான் கியூப். அது தாங்கினால் தூணும் தாங்கும் என்று கணக்கு. ஆனால் ஒப்பந்தகாரர் வலன்ரைன் கொட்டகைக்குப் பின்னால், சீமெந்தை அள்ளிக் கொட்டி, கியூப்புக்கென்றே தனிக்கலவை குழைப்பித்தார். பரீட்சைக்கு வேறு ஆளை அனுப்புவது போல. என் கண்ணால் கண்டேன். சந்தேகத்தில் ஒரு தூணிலிருந்து துண்டொன்றைத் துளைத்தெடுத்துச் சோதிப்பித்தேன். வேண்டிய பலத்தில் பாதிகூட இல்லை.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் எங்கள் கந்தோருக்குப் போய் மேலதிகாரி ஒஸ்வால்டிடம் அறிக்கையைக் கொடுத்தேன். மீன் ரோலைக் கடித்தபடி எண்ணெய்க் கையாலேயே புரட்டினார்.

"இது எல்லாரும் செய்றதுதானே, சாருஜா. கியூப் ரிசல்ட் நல்லா இருக்கு. அதை வச்சு சைன் பண்ணும்."

"விழுந்தா, சேர்?"

"நாங்க பார்த்த பில்டிங் ஒண்டும் இன்னும் விழேல்லையே."

வேலியே பயிரை மேய்கிறது. மேய்ந்துவிட்டு ஏப்பமும் விடுகிறது. அருவருப்பாக இருந்தது. கையெழுத்துப் போடாமல் எழும்பி வந்தேன்.

அங்கே மூன்றாம் மாடியில் வீடு வாங்கியிருக்கும் அருள்நாயகி ரீச்சர்தான் நினைவுக்கு வந்தார். சனிக்கிழமைகளில் வந்து, சுவாமியறை எந்தப் பக்கம் வரும் என்று ஆசையாய்ப் பார்த்துக்கொண்டு நிற்பார். நேரே அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நாளைக்கே மாநகர சபைக்கு அறிவிக்கப்போவதையும் சொன்னேன்.

சீலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எழும்பிக் கதவைச் சாத்திவிட்டு வந்து என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, உமக்குக் கோடி புண்ணியம் கிடைக்கும். ஒரு மாசம் மட்டும் வாய் திறவாதேயும். கனடாவில இருந்து ஒரு குடும்பம் வீடு தேடுது. சின்னப் பிள்ளையள் இருக்கிற ஆக்கள், கெதியா எடுத்துப்போடுவினம். நான் அவையளுக்கு வித்துப்போடுறன்."

கையை உதறிக்கொண்டு படியிறங்கினேன். நாளைவரைக்கும் பொறுக்கவில்லை. அன்றைக்கே மாநகர சபைக்குப் போனேன்.