வலப்பக்கச் சக்கரம்

லயனல் வலப்பக்கச் சக்கரத்தைத் தப்பான பக்கமாகத் தட்டுவதைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

தண்டம். எங்கள் பழைய கார் சங்கத்தில் சேர்ந்தான், ஞாயிறுதோறும் என் மேஜையில் சாப்பிட்டான், உண்ட வீட்டுக்கே ரெண்டகம் செய்து என் மனைவியையும் கூட்டிப்போகிறான். இதை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

அந்தக் காலத்துக் கம்பிச் சக்கரத்துக்கு நடுவில் ஒரே நட்டுதான், இரண்டு காதுகளோடு. காதில் சுத்தியலால் தட்டித்தான் இறுக்க வேண்டும். இடப்பக்கத்து நட்டு கடிகாரம் சுற்றும் திசையில் இறுகும், வலப்பக்கத்தது அதற்கு நேர் எதிர். எந்தப் பக்கம் என்று நட்டிலேயே பொறித்திருக்கும். அவன் காரில் அது அடிபட்டுத் தேய்ந்துவிட்டது. கிளம்புமுன் தட்டிப் பார்ப்பது சங்கத்து வழக்கம் என்று, நாலையும் ஒரே பக்கமாகத் தட்டி, வலப்பக்கம் இரண்டையும் தளர்த்தி வைத்துவிட்டான்.

மியூரியல் பெட்டிகளை ஏற்றிவிட்டு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். விட்பிக்குப் போகிறாள், அவனோடு வாழ. வழியெல்லாம் மலை வளைவுகள்.

போய்த் தொலையட்டும் என்றுதான் முதலில் தோன்றியது. பொய் சொல்வானேன். அப்புறம், காற்றுக்குக் கூந்தல் பறக்காமல் இருக்க அவள் தலைத்துணியை முடிச்சுப் போடுவதைப் பார்த்தேன்.

என் சுத்தியலோடு வாசலுக்குப் போனேன். லயனல் பின்வாங்கினான்.

"வில்ஃப், வேண்டாம்பா. உட்கார்ந்து பேசிக்கலாம்."

"உன் மண்டைக்கு இல்லடா. ஜாக்கியை எடு."

"நான்தான் தட்டிட்டேனே?"

"தட்டின லட்சணம் தெரியுது. இந்தப் பக்கம் எதிர் மரை. கழட்டி வச்சிருக்க."

அவன் முகம் வெளுத்தது. மியூரியல் இறங்கி ஓரமாக நின்றாள், என்னைப் பார்க்கவில்லை. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, காதின் மேல்முனையைக் காரின் பின்பக்கம் பார்க்கத் தட்டினேன். இறுகியதும் சத்தம் மாறும். இரண்டு சக்கரத்திலும் மாறியது.

"இரும்புச் சுத்தியல்ல அடிச்சா காது பேந்துடும். இது செம்பு, வச்சுக்க," என்று அவன் கையில் கொடுத்தேன். கல்யாணமான வருஷம் மியூரியல் வாங்கித் தந்தது அது.

"அஞ்சு மைல் போனதும் நிறுத்தி இன்னொரு தடவை தட்டு. ஓடினாத்தான் சக்கரம் சரியா உட்காரும்."

"எங்க நிறுத்தறது?"

"எனக்குத் தெரியும்," என்றாள் மியூரியல்.

தெரியாமல் என்ன. மேட்டில், சர்ச்சை ஒட்டிச் சாலை அகலும் இடம். எங்கே கிளம்பினாலும் அங்கே நிறுத்தித் தட்டுவேன். அவள் ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றி பானெட் மேல் வைப்பாள். "ஆறிப்போகுது, வா. தட்டினது போதும்," என்பாள்.

கார் மேடேறிப் போகும்வரை காதைத் தீட்டிக் கேட்டேன். சக்கரத்தில் ஆட்டமில்லை.

உள்ளே வந்து டீ போட அலமாரியைத் திறந்தேன். ஃபிளாஸ்க் இல்லை. அதோடு எடுத்துப்போகும் இரண்டு கப்பும் இல்லை. கதவைச் சாத்தக்கூடத் தோன்றாமல் அங்கேயே நின்று அழுதேன்.