சமையலறைத் தரையின் அளவு

தாவீது ராஜாவின் பழைய நகரைத் தேடி, வீடுகள் நிறைந்த சில்வான் சரிவுக்கு அடியில் சுரங்கம் தோண்டுகிறோம். பானையோடுகள் நிறைந்த வாளிகளுக்குச் சீட்டு எழுதுவது என் வேலை. வாளிக்கு இரண்டு சீட்டு: ஒன்று உள்ளே, ஒன்று கைப்பிடியில்.

நான் போகும் தொல்லியல் மாலை வகுப்பில் ஆசிரியர் முதல் நாளே சொன்னார்: கண்டதை அளந்து எழுதுங்கள், ஊகித்ததை எழுதாதீர்கள். அன்றிலிருந்து நாட்குறிப்பையும் அப்படித்தான் எழுதப் பார்க்கிறேன். எழுதியதைப் பாதிக்கு மேல் அடித்துவிடுகிறேன்.

எங்களோடு மண் அள்ளும் அரபுக்காரர் வஜ்தியின் வீடு சுரங்கத்துக்கு நேர் மேலே. நவம்பரில் ஒருநாள் தேநீர் நேரத்தில் என்னிடம் வந்தார்.

“நோகா, என் சமையலறைத் தரை வெடிச்சிருக்கு.”

“எப்பலேர்ந்து?”

“கீழ உங்க தாவீது ராஜா புரண்டு படுத்ததுலேர்ந்து.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“நகராட்சியில நான் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. நீ அளந்து எழுதிக் குடு. யூதப் பொண்ணு நீ எழுதினா கேப்பாங்க. சுரங்கத்தை நிறுத்துவாங்க.”

வாரம் இருமுறை போனேன். தரை ஓட்டின் மேல் விரிசலுக்கு இருபுறமும் பென்சிலால் கோடு, பக்கத்தில் தேதி. நவம்பர் 12: இரண்டு மில்லிமீட்டர். டிசம்பர் 9: நான்கு. மழைக்குப் பின் ஜனவரி 14: பதினொன்று. அவர் மனைவி ரிஹாப் ஒவ்வொரு முறையும் தேநீர் கொடுத்தார். அளவு என்னவென்று ஒருமுறையும் கேட்கவில்லை.

அட்டவணையை நகராட்சிக்கு அனுப்பினேன். ஒரு பிரதி எங்கள் இயக்குநர் அமத்சியாவுக்கு.

“மூவாயிரம் வருஷம் கழிச்சு வீடு திரும்பியிருக்கோம்மா,” என்றார் அவர். “ஒரு சமையலறைக்காக நிறுத்தணுமா?”

அன்று பார்வையாளர்களைச் சுரங்கச் சுவர் முன் நிறுத்தி, தாவீது இந்த நகரைப் பிடித்த பகுதியை வேதத்தில் சாமுவேலின் புத்தகத்திலிருந்து வாசித்தார். சிலர் அழுதார்கள். பள்ளியில் அதே பகுதியை ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான். நானும் கூடவே மனப்பாடமாகச் சொன்னேன். இந்த வரியை அடிக்கப் போவதில்லை.

ஆனால் அந்தச் சுவரடியில் கிடைத்த பானையோடுகள் பல காலத்தவை. சீட்டில் காலம் என்ற இடத்தில் நான் கேள்விக்குறி போட்டிருந்தேன். மறுநாள் அதன் மேல் வேறொரு கையெழுத்தில் ‘தாவீது காலம்’ என்று எழுதியிருந்தது. வாளியை அப்படியே கிடங்குக்கு அனுப்பினேன்.

பிப்ரவரியில் நகராட்சியின் பதில் வஜ்திக்கு வந்தது. கட்டடம் ஆபத்தானது, பத்து நாளில் காலி செய்யவும். இணைப்பு: என் அட்டவணை. சுரங்கத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. என் அட்டவணையிலும் இல்லை. விரிசலைத்தான் கண்டேன், காரணத்தை நான் கண்ணால் காணவில்லையே என்று எழுதாமல் விட்டிருந்தேன்.

“கேட்டுட்டாங்க பாத்தியா,” என்றார் வஜ்தி.

“நான் சுரங்கத்தைப் பத்தி எழுதியிருக்கணும்.”

“உன்மேல என்ன குத்தம்? ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகலையே.”

அதன்பிறகு அவர் வேலைக்கு வரவில்லை.

ஏப்ரலில், வஜ்தியின் வீட்டை இடித்த இடத்தில், மேலிருந்தும் தோண்டத் தொடங்கினோம். மூன்றாவது வாளியில் தரை ஓடுகள் வந்தன. ஒன்றில் என் கையெழுத்து: ஜனவரி 14.

“அது மேல்மண்,” என்றார் அமத்சியா. “காலமெல்லாம் போட வேண்டாம்.”

இரண்டு சீட்டிலும் மேல்மண் என்று எழுதினேன். ஒன்றை வாளிக்குள் போட்டேன். மற்றதைக் கைப்பிடியில் கட்டினேன்.