பதிலுக்கு விட்ட இடம்

ஏசுராஜ் கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தான். பதில் வரவில்லை. எப்படி வரும்? எதிரே இருந்தது இரண்டு கேமரா, அதற்குப் பின்னால் இரண்டு ஆள், தலைக்கு மேலே கண்ணைக் கூசவைக்கும் விளக்கு ஏழெட்டு. மெட்ராஸ் டி.வி. நிலையத்தில் அந்த ஸ்டூடியோவுக்குள் தும்மக்கூடக் கூடாது என்று கதவிலேயே சொல்லித்தான் உள்ளே விட்டிருந்தார்கள். கேமராக்காரர் ஒருவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினாரே தவிர வாயைத் திறக்கவில்லை. ஏசுராஜ் பழக்க தோஷத்தில், யாரோ பதில் சொல்லிவிட்ட மாதிரியே தலையை ஆட்டிவிட்டுப் பாட்டின் அடுத்த அடிக்குப் போனான்.

ஆம்பூர் ரெட்டித்தோப்பில் போய் ‘பேஞ்சோ ஏசுராஜ்’ வீடு எது என்று கேட்டால் கைக்குழந்தைகூடக் காட்டும். பேர்தான் பேஞ்சோ, அசலில் அது புல்புல்தாரா. மடியில் கிடத்திக்கொண்டு, டைப்ரைட்டர் மாதிரி இருக்கும் கட்டைகளை இடது கையால் அழுத்தி வலது கையால் கம்பியை மீட்ட வேண்டும். கவாலிக் கோஷ்டி ஒன்றின் பின்னால் சுற்றி, அடி வாங்கிக் கற்றுக்கொண்டது. வாரம் முழுக்கத் தோல் பதனிடும் ஷாப்பில், ரோமம் போகத் தோலை ஊறவைக்கிற சுண்ணாம்புக் குழியில் வேலை. ஞாயிறு வந்தால் கல்யாணப் பந்தல். சர்ச்சில் தாலி கட்டினாலும் சரி, கோயிலில் கட்டினாலும் சரி, நிக்காஹ் என்றாலும் சரி, சாப்பாடு முடிந்து பாயை விரித்ததும் ஏசுராஜ் வந்து உட்கார வேண்டும், பக்கத்தில் டோலக்கோடு, அதே ஷாப்பில் வேலை செய்யும் ஜியாவுதீன் உட்கார வேண்டும். சும்மா சொல்லக்கூடாது, எமன் வீட்டுக் கல்யாணத்திலும் சிரிப்பு வரவழைக்கிற ஜோடி அது.

அவன் பாட்டெல்லாம் பாதிப் பாட்டு. மீதியைப் பந்தல்தான் பாடும். ‘பொண்ணு பாக்கப் போன பாட்டு’ என்று ஒன்று. ‘வெள்ளச் சட்ட மடிப்புக் கலையாம வேலூருக்குப் பொண்ணு பாக்கப் போனேன், படியேறி உள்ள வர்றதுக்கு முன்னாலே பொண்ணோட அம்மா இன்னா கேட்டாங்க?’ என்று நிறுத்திக் காதைக் கையால் குவிப்பான். பந்தல் மொத்தமும் ‘எந்த ஷாப்பு மாப்ளே?’ என்று கத்தும். தோல் ஷாப்புக்காரன் எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் அவன் வருவதற்கு முன்னால் அவன் வேலை வந்துவிடும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதானே. ‘பந்தியில குந்தவெச்சி பாயசம் ஊத்தசொல்லோ பொண்ணோட அண்ணங்காரன் இன்னா சொன்னான்?’ என்பான். ‘ஜன்னலத் தொற!’ என்று பதில் வரும். கடைசிக் கேள்வி பெண்களுக்கு. ‘கதவுக்குப் பின்னால நின்ன பொண்ணு கடைசியா இன்னா சொல்லிச்சு?’ அதற்குப் பெண்கள் பக்கம், கிழவி முதல் குமரிவரை ஒரே குரலாக, ‘மூக்க நான் பொத்திக்கிறேன், தாலிய நீ கட்டு!’ என்று முடித்துவைப்பார்கள். இதில் எது பாட்டு, எது பதில் என்று பிரிக்க முடியாது. பதினைந்து வருஷமாக அப்படியே பாடிப் பாடி, பதில் எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் நிறுத்துவது மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது.

டி.வி. ஆசை அவனுக்குத் தானாக வந்ததல்ல, விரல் கொண்டுவந்தது. சுண்ணாம்பு தின்று தின்று விரல்நுனிகள் வெடித்துப்போயிருந்தன. கம்பியைத் தொட்டால் ரத்தம். வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: குழியை விட வேண்டும், இல்லாவிட்டால் வாத்தியத்தை விட வேண்டும், இன்னும் ஒரு வருஷம் போனால் விரலில் உணர்ச்சியே இருக்காது. அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது ஏசுராஜ் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டு வந்தான். மனைவி சவுரியம்மாள்தான் பேசினாள்.

“டி.வி.யில ஒரு தபா வந்துட்டா போதுங்க. மாசா மாசம் கூப்புடுவாங்க. கல்யாணத்துக்குக் கூப்புடறவங்களும் ஜாஸ்தி ஆவாங்க. குழிய உட்டுடலாம்.”

தொழிலாளர் நிகழ்ச்சிக்குப் பாட்டுக்காரர்கள் வேண்டும் என்று பேப்பரில் வந்த விளம்பரத்தைக் கொண்டுவந்தவன் ஜியாவுதீன். விண்ணப்ப பாரத்தைப் பூர்த்தி செய்ததும் அவனே. பேருக்கு ஒரே ஒரு கோடுதான் போட்டிருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தவன், தோஸ்தின் பேரை எழுதிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டான். ஆறு மாசம் கழித்துக் கடுதாசி வந்தபோது அதிலும் ஒரே பேர்தான் இருந்தது. ரயில் ஏறுகிற அன்று விடியற்காலையில் ஸ்டேஷனுக்கு வந்து, ஏசுராஜின் சட்டையில் இரண்டு பக்கமும் அத்தர் தடவினான்.

“டேய், டி.வி.யில வாசன தெரியாதுடா,” என்றான் ஏசுராஜ்.

“உனக்குத் தெரியுமில்ல. கூச்சப்படாம குந்து, போ,” என்றான் ஜியாவுதீன். வண்டி நகர்கிறவரை நிற்காமல் போய்விட்டான்.

அப்படி அனுப்பிவைக்கப்பட்டு வந்த மனுஷன்தான் இப்போது விளக்குக்குக் கீழே வேர்த்து வடிந்து உட்கார்ந்திருந்தான். மூன்று கேள்விக்கும் மூன்று தடவை நிறுத்தியாயிற்று. மூன்று தடவையும் தலையை ஆட்டியாயிற்று. பாட்டு முடிந்ததும் ப்ரொட்யூசர் அம்மா கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்தார். கோபக்காரர் இல்லை. களைத்துப்போனவர்.

“ஏன் நடுநடுவுல நின்னுட்டீங்க? வரி மறந்துபோச்சா?”

“இல்லீங்கம்மா. பதில் வரணும்.”

“யார் சொல்லணும்?”

“ஜனங்க.”

“இங்க ஜனங்களே இல்லையே.”

“அதாங்கம்மா,” என்றான் ஏசுராஜ்.

நிற்காமல் பாடச் சொன்னார். பாடினான். கேள்வி முடிந்த இடத்தில் தாவப் பார்த்தான். நாக்கு தாவியது, விரல் நின்றுவிட்டது. இன்னொரு தடவை பார்த்தான். இந்தத் தடவை விரல் தாவியது, வரி புரண்டது. கட்டைகளில் ரத்தப் பொட்டு விழுந்திருப்பதை மேக்கப்காரர்தான் முதலில் பார்த்தார். வெளியே அடுத்த நிகழ்ச்சிக்கு வீணைக் கச்சேரிக்காரர்கள் பட்டுப்புடவையில் காத்திருந்தார்கள். ப்ரொட்யூசர் அம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, முதலில் எடுத்ததையே வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

“போட்டுடுவோம், அது நிச்சயம். ஆனா மறுபடி கூப்பிடறதுங்கறது... மேல இருக்கறவங்க இந்த இடைவெளியெல்லாம் பார்த்துட்டு என்ன சொல்வாங்கன்னு எனக்கே தெரியலை.”

திரும்புகிற ரயிலில் அரக்கோணம்வரை நின்றுகொண்டே வந்தான். உட்கார இடம் இருந்தது, உட்காரத்தான் தோன்றவில்லை. உலகத்தில் எவனாவது ஆளில்லாத ரூமில் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பானா? அதுவும் தலையை வேறு ஆட்டுவானா? தன் முட்டாள்தனத்தை நினைக்க நினைக்க உடம்பு கூசியது. வீட்டில் சவுரி கேட்டபோது, “நல்லாத்தான் போச்சு,” என்றான். அவள் அவன் விரலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், பிறகு தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணப் போனாள்.

ஒளிபரப்பு ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். தெருவில் டி.வி. இருந்தது மேஸ்திரி துரைசாமி வீட்டில் மட்டும்தான். அவர் மனுஷர் தங்கம், பெட்டியைத் தூக்கி வாசலில் ஸ்டூல் போட்டு வைத்துவிட்டார். மாடியில் மூங்கில் கழியில் கட்டிய ஆன்டெனாவை மெட்ராஸ் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள். தெருவே பாய் போட்டு உட்கார்ந்துவிட்டது. ஏசுராஜ் தலைவலி என்று படுத்துக்கொண்டான்.

“எழுந்து வாங்க,” என்றாள் சவுரி.

“நான் வர்ல. மானம் போவும்.”

“போனா ரெண்டு பேருக்கும்தான் போவும். தனியா போவாது, வாங்க.”

ஏசுராஜ் சட்டையை மாட்டிக்கொண்டான். போய், கடைசி வரிசையில், ஜியாவுதீன் பக்கத்தில் உட்கார்ந்தான். ஜியாவுதீன் நகர்ந்து இடம் கொடுத்தான். திரையில் பனி கொட்டுகிற மாதிரி புள்ளிகள். ‘ஆம்பூர் தோல் ஷாப்புத் தொழிலாளி’ என்ற அறிவிப்போடு அதற்குள்ளிருந்து ஏசுராஜ் வந்தான். தெரு விசிலடித்து ஓய்வதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. வெள்ளைச் சட்டை, வேலூர், படியேறினது, பொண்ணோட அம்மா. பெட்டிக்குள் இருந்தவன் ‘இன்னா கேட்டாங்க?’ என்று காதைக் குவித்து நிறுத்தினான். பாயில் இருந்தவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

“எந்த ஷாப்பு மாப்ளே?”

தெரு அதிர்ந்தது. ஏசுராஜ் கண்ணைத் திறந்தான். பெட்டிக்குள் இருந்தவன், காதில் விழுந்துவிட்ட மாதிரி, ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். ஆட்டி முடித்ததும், ஒரு நொடி முன்னும் இல்லை பின்னும் இல்லை, அடுத்த அடி வந்தது. ஐயோ, தெருவுக்குத் தலைகால் புரியவில்லை! “நம்ம சத்தம் அவனுக்குக் கேக்குதுடா!” என்று யாரோ கத்தினார்கள். ஜன்னலைத் திறக்கச் சொல்லும் இடம் வந்தபோது ஜியாவுதீன் கையில் அகப்பட்ட பிஸ்கட் டின்னைத் தட்ட ஆரம்பித்திருந்தான். கடைசிக் கேள்விக்குப் பெண்கள் எழுந்து நின்றே பதில் சொன்னார்கள். மாடியில் ஆன்டெனாவைப் பிடித்திருந்த ஆள்கூட விட்டுவிட்டுக் கை தட்டியதில் படம் ஓடிப்போய்விட்டது.

“டேய் ஏசு,” என்றான் ஜியாவுதீன். “எங்களுக்கு எடம் உட்டுட்டு வந்திருக்கியேடா.”

“அது தப்புடா. தெரியாம பண்ணது.”

“தப்புன்னா இன்னா? எடம் இருந்துச்சில்ல?”

ஏசுராஜுக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் நடுவில், மறைக்காமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டே அழுதான்.

ஆனால் ரெட்டித்தோப்பு கத்தியது மெட்ராசுக்குக் கேட்குமா? ஒரு மாசம் போயிற்று. இரண்டு மாசம் போயிற்று. கடுதாசி இல்லை. ஏசுராஜ் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு குழியில் இறங்கினான். நுனிகளில் எரிச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவந்தது, அதுதான் பயமாக இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஒவ்வொரு விரலாகத் தட்டின் விளிம்பில் அழுத்திப் பார்த்துக்கொள்வான். சவுரி பார்க்காத மாதிரி குழம்பை ஊற்றுவாள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், சவுரி ஷாப் கேட்டுக்கு ஓடி வந்தாள். ஓடுகிற பெண்பிள்ளை இல்லை அவள். கையில் சணல் கட்டிய பழுப்புக் கவர். ஏசுராஜ் கை முழுக்கச் சுண்ணாம்பு. இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “நீயே படி,” என்றான். ஜியாவுதீனும் சோற்றுக் கையோடு வந்து நின்றான். மற்ற ஆட்களும் சூழ்ந்துகொண்டார்கள்.

மேலே ப்ரொட்யூசர் அம்மாவின் சீட்டு. சவுரி எழுத்துக்கூட்டாமல் தெளிவாகப் படித்தாள். ‘நேயர்கள் எழுதிய கார்டுகளை இத்துடன் அனுப்பியுள்ளேன். அடுத்த மாதம் வர இயலுமா? மாதாந்திர நிகழ்ச்சி பற்றி நேரில் பேசலாம். நீங்கள் நிறுத்திய இடங்களில் கைவைக்க வேண்டாம். டோலக் வாசிப்பவர் இருப்பதாக மேக்கப்காரரிடம் சொன்னீர்களாம். அவர் பெயரையும் எழுதி அனுப்பவும்.’

ஜியாவுதீன் சோற்றுக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு அந்தச் சீட்டை வாங்கினான். தனக்குள்ளேயே ஒரு தரம் படித்தான். திருப்பிக் கொடுக்கவில்லை.

சணலை அவிழ்த்தால் கார்டுகள். ஏசுராஜை முன்னே பின்னே பார்த்திராதவர்கள் எழுதியவை. அவர்களுக்குப் பந்தலின் பதில் எப்படித் தெரியும்? கேள்வி வந்தது, மனுஷன் காத்திருந்தான், ஆளுக்கு ஒன்று சொல்லிவிட்டார்கள். சொன்னதை எழுதிப் போட்டும் விட்டார்கள். வேலூரில் ஒரு நர்ஸ், பொண்ணோட அம்மா ‘எந்த வார்டு?’ என்றுதான் கேட்டிருப்பாள், ஏனென்றால் நாங்கள் வருவதற்கு முன்னால் டெட்டால் வந்துவிடும் என்று எழுதியிருந்தாள். ஏலகிரியிலிருந்து ஒருவர், அண்ணங்காரன் ஜன்னலைத் திறக்கத்தான் சொல்லியிருப்பான், அவனை எங்கள் மலைக்கு அனுப்புங்கள், இங்கே வீட்டுக்கு ஜன்னலே கிடையாது என்று எழுதியிருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஷாப் கேட் அருகே சிரிப்பு எழுந்து அடங்கியது. சவுரி ஒரு கார்டை மட்டும் தனக்குள் படித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

“இன்னாடி? திட்டியிருக்காங்களா?” என்றான் ஏசுராஜ்.

“குடியாத்தம். கமலவேணின்னு ஒரு பொண்ணு. பவர்லூம்ல வேல செய்யுதாம்.” சவுரி சத்தமாகப் படித்தாள். “‘ஐயா, கடைசியா பொண்ணு இன்னா சொல்லிச்சுன்னு கேட்டீங்க. நான் சொல்றேன். தறிச் சத்தத்துல என் காது எப்பவோ போச்சு. உங்க பாட்டும் பாதிதான் கேட்டுச்சு. ஆனா நீங்க நிறுத்திட்டு எங்களையே பாத்தது தெரிஞ்சுது. காது போன எடத்துல மூக்கும் போனா போவட்டும், மாப்ளைய வரச் சொல்லுங்க.’”

எல்லாரும் ஒன்றாகச் சிரித்தார்கள். ஓர் ஆள் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“இன்னொரு தபா படி,” என்றான் ஏசுராஜ். “மெதுவா படி.”

சவுரி படித்தாள். வேலைக்குத் திரும்பச் சொல்லிச் சங்கு ஊதியது. யாரும் நகரவில்லை. ‘காது போன எடத்துல’ என்ற இடத்தில் ஜியாவுதீன் ஷாப் கேட்டின் இரும்புக் கம்பியைத் தட்ட ஆரம்பித்தான். சுண்ணாம்பு காய்ந்து வெளுத்துக்கொண்டிருந்த ஏசுராஜின் இடது கை விரல்கள், அவன் வயிற்றுக்கு நேரே, காற்றில், இல்லாத கட்டைகள்மேல், ஒவ்வொன்றாக அழுந்திக்கொண்டிருந்தன.